வேல்ஸ் பண்ணை வீடும் அதன் களக்கொட்டகையும்

கேள்வியின் சாரம் இது: வேல்ஸ் நாட்டின் பழைய பண்ணை வீடுகளில் மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்றால், பக்கத்திலேயே, சில இடங்களில் வீட்டைவிடவும் பெரிதாக, இன்னொரு கொட்டகை எதற்காகக் கட்டப்பட்டது? இரண்டின் கட்டுமானத்துக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா?

உண்டு, மிக நெருங்கிய தொடர்பு. அதற்குள் போகும் முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் ‘பார்ன்’ எனப்படும் கட்டடத்தைத் தமிழில் களஞ்சியம் என்றோ தொழுவம் என்றோ பெயர்ப்பது வழக்கம். வேல்ஸ் உழவரின் கணக்கில் அது இரண்டும் அல்ல. மாடு கட்டும் இடத்துக்கு அவர்கள் மொழியில் ‘பெய்டி’ என்று தனிப்பெயர் உண்டு. மாட்டு வீடு என்பதே அதன் பொருள். பார்ன் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘அஸ்கிபோர்’. கதிர்க்கட்டைக் குறிக்கும் ‘அஸ்கிப்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. அறுத்த கதிர்க்கட்டுகளை அடுக்கிவைத்து, உள்ளேயே அடித்து, உள்ளேயே தூற்றும் இடம். அதாவது கூரை போட்ட களம். ஆகவே இந்தப் பதிலில் அதைக் களக்கொட்டகை என்றே குறிப்பிடுகிறேன்.

களத்துக்குக் கூரை எதற்கு என்றால், மழைக்காகத்தான். வேல்ஸின் வடமேற்கில் உள்ள ஸ்னோடோனியா மலைப்பகுதியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். கிழக்கு எல்லையோரத்தில் அது 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றாலும், அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் வெயிலை நம்பித் திறந்த வெளியில் கதிரடிக்க முடியாது. ஆதலால் அறுவடையை அப்படியே கட்டாகக் கொண்டுவந்து கூரைக்குள் சேர்த்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகை வீட்டைவிடப் பெரிதாக இருப்பதன் காரணம் இதுதான்: தானியம் மட்டுமல்லாமல், வைக்கோலோடு சேர்ந்த முழு விளைச்சலும் அதற்குள் அடங்க வேண்டும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிடச் சில கட்டடங்களைக் கையில் எடுத்துக்கொள்வது தெளிவு. கார்டிஃப் நகருக்கு அருகில் செயின்ட் ஃபேகன்ஸ் என்ற ஊரில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்வீடனில் 1891இல் தொடங்கிய ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, யோவர்த் பீட் என்ற அறிஞரின் முயற்சியால் 1948இல் திறக்கப்பட்டது அது. வேல்ஸின் பல பகுதிகளிலிருந்து 40க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கட்டடத்தை அதன் நிலத்திலிருந்து பெயர்ப்பது சரியா என்ற கேள்விக்கு எனக்கு முழுமனதான பதில் கிடையாது; ஏனென்றால், பின்னால் சொல்லப்போவதைப் போல, இந்த வீடுகளின் அமைப்பில் பாதி அவை நின்ற சரிவிலேயே இருந்தது. ஆனால் பிரித்தபோதுதான் அவை எப்படிக் கட்டப்பட்டன என்பது முழுமையாகத் தெரிந்தது என்பதையும் மறுக்க முடியாது.

வடகிழக்கே டென்பிஷயர் பகுதியின் லாங்கன்ஹவல் என்ற ஊரிலிருந்து வந்த ஹென்ட்ரெர் அவித் இகாவ் என்ற வீட்டிலிருந்து தொடங்கலாம். பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ‘ஹென்ட்ரெ’ என்பது தாழ்நிலத்தில் உள்ள நிலையான பண்ணை. கோடையில் மந்தையோடு மேலே போய்த் தங்கும் மலைக்குடில் ‘ஹவோட்’. இரண்டிலும் மாறி மாறி வாழ்ந்த ஒரு வாழ்க்கைமுறையின் தாழ்நிலப் பாதி இந்த வீடு. அதன் மரங்கள் வெட்டப்பட்ட ஆண்டு 1508 என்பதை ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். ஓக் மரம் காய்ந்தால் உளியை மதிக்காது. ஆகையால் தச்சர்கள் அதைப் பச்சையாகவே இழைத்துக் கழுந்தும் துளையும் எடுத்து, மர ஆணி அடித்துப் பொருத்திவிடுவார்கள். காயும்போது பொருத்துகள் தாமே இறுகிக்கொள்ளும். பச்சை மரத்தை நெடுநாள் சேர்த்துவைத்துப் பயன்படுத்தும் வழக்கம் இல்லாததால், மரம் வெட்டிய ஆண்டையே ஏறக்குறைய வீடு கட்டிய ஆண்டாகக் கொள்ள முடிகிறது.

இந்த வீட்டின் எலும்புக்கூட்டை க்ரக் சட்டகம் என்பார்கள். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஓர் ஓக் மரத்தைத் தேர்ந்து நெடுக்காக இரண்டாகப் பிளந்தால், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வளைந்த கட்டைகள் கிடைக்கும். அவற்றைத் தலைகீழ் ‘வி’ வடிவில் எதிரெதிராக நிறுத்தி, உச்சியில் சேர்த்து, நடுவில் ஒரு குறுக்கு மரத்தால் பிணைத்தால் ஒரு க்ரக் இணை ஆயிற்று. அதன் கால்கள் தரையை ஒட்டிய அடிக்கட்டையிலோ கல்லிலோ ஊன்றியிருக்கும். தலை முகட்டு வளையைத் தாங்கும். இப்படிப்பட்ட இணைகளைத் தரையில் கிடத்தியே பொருத்திச் சரிபார்த்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்பது மாறாமலிருக்கத் தச்சர்கள் அடையாளக்குறிகளைக் கீறிவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி நிமிர்த்தி நிறுத்துவார்கள். இரண்டு இணைகளுக்கு இடைப்பட்ட வெளிதான் நம் தச்சுவழக்கில் சொல்லும் அங்கணம். வீடாயினும் கொட்டகையாயினும் அளவு சொல்வது அங்கணக் கணக்கில்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, கூரையின் சுமை முழுவதும் க்ரக் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடுகிறது என்பதே. சுவருக்கு எதையும் தாங்கும் வேலை இல்லை. காற்றையும் மழையையும் தடுத்தால் போதும். அதனால்தான் குச்சிகளைப் பின்னி மண் பூசிய தட்டிகளே சுவராக நின்றன. அதனால்தான், பின்னாளில் வசதி வந்தபோது, கூரையைப் பிரிக்காமலே மண்தட்டிகளை அகற்றிவிட்டுக் கல்சுவர் எழுப்பவும் முடிந்தது. வெளியே பார்த்தால் 18ஆம் நூற்றாண்டுக் கல் வீடு. உள்ளே மாடியேறிப் படுக்கையறையின் மூலையில் பார்த்தால் 15ஆம் நூற்றாண்டு க்ரக் சுவரிலிருந்து எட்டிப்பார்க்கும். வேல்ஸில் இத்தகைய வீடுகள் நிறைய உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து வயதைச் சொல்லப்போனால் ஏமாற வேண்டியதுதான்.

ஹென்ட்ரெர் அவித் வீடு ஐந்து அங்கணம் கொண்டது. கீழ்க்கோடி அங்கணங்கள் இரண்டும் கால்நடைகளுக்கு. மற்ற மூன்றும் மனிதருக்கு. அந்த மூன்றில் நடுக்கூடத்துக்கு மேல்தளமோ மச்சோ கிடையாது. தரை நடுவே அடுப்பு, புகைபோக்கி இல்லை. புகை மேலே எழுந்து கூரை வேய்ந்த வைக்கோலின் ஊடே கசிந்து வெளியேற வேண்டியதுதான். சாளரங்களில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும் அடைப்புப் பலகைகளும் மட்டுமே. கூடத்தின் மேற்கோடி வீட்டுத்தலைவருக்கு உரிய மரியாதையான இடம், கீழ்க்கோடி வாசலும் வேலையாட்களும் கால்நடையும் என்ற வரிசை அந்தக் காலத்துக் கூடங்கள் அனைத்திலும் உண்டு. புகைபோக்கி இல்லாத கூடம் ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. அத்தனை ஓக்கையும் தேர்ந்த தச்சரையும் திரட்ட முடிந்தவர் அந்தக் காலத்தில் வசதியுள்ள உழவரே. ஆங்கில ஆட்சியை எதிர்த்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளிந்தூரின் கிளர்ச்சி 1400இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நாட்டைச் சூறையாடிய பிறகு, மீண்டெழுந்த தலைமுறைகள் கட்டியவை இவை. அதற்கு முந்தைய உழவர் வீடுகள் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் புகைக்கு இன்னொரு பயனும் உண்டு, ஆய்வாளருக்கு. பழைய வீடு ஒன்றின் பரணில் ஏறிப் பார்க்கும்போது கைமரங்களில் கரி படிந்திருந்தால், அந்த வீடு ஒரு காலத்தில் தரையடுப்போடு திறந்த கூடமாக இருந்தது என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் என்ற அமைப்பின் தெளிவான வடிவத்தைக் காண, மத்திய வேல்ஸின் கிளேர்வென் பள்ளத்தாக்கிலிருந்து வந்த கிலெவென்ட் என்ற நீள்வீட்டைப் பார்க்க வேண்டும். சுமார் 1470இல் க்ரக் சட்டகத்தோடு மர வீடாகக் கட்டப்பட்டு, 1734இல் பெரும்பகுதி கல்லால் மாற்றப்பட்ட வீடு அது. வேல்ஸ் மொழியில் ‘டீ ஹீர்’, அதாவது நீளமான வீடு. சரிவை வெட்டிச் சமன்செய்த மேடையில், மலைச்சரிவின் போக்கிலேயே வீடு நீண்டிருக்கும். மேட்டுப்பக்கம் மனிதர், பள்ளத்துப்பக்கம் மாடுகள், சாணமும் மூத்திரமும் கீழ்நோக்கி வடிந்துவிடும். சரிவிலேயே பாதி அமைப்பு இருக்கிறது என்று முன்பு சொன்னது இதைத்தான். சமதரையில் நிறுத்திவைத்த நீள்வீட்டில் இந்தத் தர்க்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு பகுதிகளுக்கும் இடையே குறுக்கே ஒரு நடை ஓடும். அதுவே வீட்டுக்கு வாசல், அதுவே மாடுகளுக்குத் தீவனம் போடும் வழி. மாடுகள் நடையைப் பார்த்துத் தலைவைத்துக் கட்டப்பட்டிருக்கும். நெருப்பைப் பார்க்க முடிந்தால் பசு கூடுதலாகப் பால் தரும் என்ற நம்பிக்கைகூட அங்கே இருந்தது. அது எப்படியாயினும், கறவையும் கன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும், பனியிரவில் வெளியே போகாமலே பார்த்துக்கொள்ள முடிவதும் மாட்டையே நம்பிய மேட்டுநிலக் குடும்பத்துக்குப் பெரிய வசதி. கேள்வியில் உள்ள புதிருக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது: மாடு வீட்டோடு இருந்தது, கதிர்தான் கொட்டகைக்குப் போனது. வீட்டில் இரவும் பகலும் நெருப்பு எரியும். அதன் பக்கத்தில் ஓராண்டு விளைச்சலை அடுக்கிவைக்க யாரும் துணியமாட்டார்கள்.

நீள்வீடே வேல்ஸின் ஆதி வீட்டுவடிவம் என்பது போன்ற ஒரு கருத்தை 1940களில் பீட் வலுவாக முன்வைத்தார். பின்னர் நாடு முழுவதும் வீடுவீடாக அளந்து ஆராய்ந்த பீட்டர் ஸ்மித் போன்றோரின் வேலையால் படம் சிக்கலாகியது. எல்லா இடத்திலும் ஒரே வகை இல்லை என்பதையும், புகைபோக்கி வந்தபோது அதை வீட்டின் எந்த இடத்தில் வைத்தார்கள் என்பதை வைத்தே பகுதிகளைப் பிரித்தறியலாம் என்பதையும் ஸ்மித் வரைபடங்களோடு காட்டினார். வடமேற்கில் அது முனைச்சுவரில் நிற்கும். கிழக்கே செவர்ன் பள்ளத்தாக்கில் வீட்டின் நடுவே, வாசலுக்கு நேர் எதிரே நிற்கும். உள்ளே நுழைந்தால் புகைபோக்கியின் பக்கச்சுவர்தான் முதலில் முகத்தில் படும். தெற்கிலும் நீள்வீடுகளிலும் அது குறுக்கு நடைக்கு முதுகைக் காட்டி நிற்கும். இந்த மூன்றில் எது என்பது தெரிந்தால், மற்ற அறைகள் எப்படி அமைந்திருக்கும் என்பதை வெளியே நின்றே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

மாற்றத்தின் வேகம் எல்லாப் பகுதியிலும் ஒன்றாக இருக்கவில்லை. வடகிழக்கில் 1508இல் புகைபோக்கி இல்லாத கூடம் கட்டினார்கள் என்று பார்த்தோம். அதே அருங்காட்சியகத்தில் உள்ள அ கரெக் வவுர் என்ற வீடு, வடமேற்கே வைன்வவுர் என்ற ஊரிலிருந்து வந்தது, 1544ஐச் சேர்ந்தது. அதற்குள் கல்சுவர், மேல்மாடி, ஸ்லேட் கூரை எல்லாம் வந்துவிட்டன. பழைய கூடங்களை வைத்திருந்தவர்கள் இடிக்கவில்லை. கூடத்தின் குறுக்கே உத்திரம் போட்டுத் தளம் அமைத்து மாடியாக்கினார்கள், புகைபோக்கி ஒன்றைச் செருகினார்கள். தென்மேற்கே கோவர் தீபகற்பத்தின் கெனிக்ஸ்டன் வீட்டில் இத்தகைய வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம்: 1610இல் கட்டியது, பிறகு 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் நீட்டியது. அடுப்பின் அருகே சுவருக்குள் அலமாரி போல அமைத்த படுக்கை அந்த வீட்டில் என்னை மிகவும் கவர்ந்தது. அதன் வெளிச்சுவர் குருதிச்சிவப்பு. தீய ஆவிகளை விரட்டும் நிறம் என்று நம்பினார்கள். அதே காரணத்துக்காகவே வாசலருகே ரோவன் மரமும் வளர்த்தார்கள்.

இனிக் களக்கொட்டகைக்கு வருவோம். ஸ்ட்ரிட் லிடன் என்ற கொட்டகை, வடகிழக்கு எல்லையில் பென்லி என்ற ஊரிலிருந்து வந்தது. 1951இல் இங்கே மறுபடி எழுப்பப்பட்ட அது, அருங்காட்சியகம் முதன்முதலாகக் கொண்டுவந்த கட்டடங்களுள் ஒன்று. அதன் ஒரு பாதி சுமார் 1550ஐச் சேர்ந்தது, க்ரக் முறையில் அமைந்தது. மறுபாதி சுமார் 1600இல் சேர்க்கப்பட்டது, நிமிர்ந்த தூண்களும் படுக்கை மரங்களுமாகப் பெட்டிச் சட்டகத்தில் அமைந்தது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் தச்சுமுறை எப்படி மாறியது என்பதை ஒரே கூரையின் கீழ் நடந்தபடியே பார்த்துவிடலாம். வளைந்த பெரிய ஓக் அரிதாகிவந்ததும், மாடி கட்டுவதற்கு நிமிர்ந்த சுவர் ஏற்றதாக இருந்ததும் இந்த மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள். மாடியே இல்லாத கொட்டகைக்கு இரண்டாவது காரணம் பொருந்தாது என்பதால், இங்கே முதலாவதைத்தான் நான் நம்புவேன்.

அதன் சுவர், வீட்டின் சுவரிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் மாறுபடுகிறது. சட்டகத்தின் கட்டங்களுக்குள் பிளந்த ஓக் பட்டைகளைக் கூடை போலப் பின்னி அடைத்திருக்கிறார்கள். ஆனால் மேலே மண் பூசவில்லை. வீட்டுக்குக் குளிரைத் தடுப்பது தேவை. கொட்டகைக்குக் காற்று புகுவது தேவை. ஈரம் முழுதும் போகாத கதிர்க்கட்டு காற்றோட்டமில்லாமல் அடைந்து கிடந்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். மேற்கே கல்லால் கட்டிய கொட்டகைகளில் இதே வேலையைச் சுவரில் விட்ட ஒடுங்கிய செங்குத்துப் பிளவுகள் செய்கின்றன. வெளியே ஒரு கையளவுகூட இல்லாத அந்தப் பிளவு, உள்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். மழை உள்ளே சாராது, காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் வரும். கோட்டைச் சுவரின் அம்புத்துளை என்று எண்ணிச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்வது வாடிக்கை.

கொட்டகையின் உயிர்நிலை நடு அங்கணம். அங்கே நெடுஞ்சுவர்கள் இரண்டிலும் நேருக்கு நேராகக் கதவுகள். தரையில் பலகையோ கல்லோ கெட்டித்த மண்ணோ பரப்பியிருக்கும். இதுவே கதிரடிக்கும் களம். ஒரு பக்க அங்கணங்களில் அடிக்காத கட்டுகள், மறுபக்கத்தில் அடித்த வைக்கோல். ஒரு நீளக் கோலின் முனையில் தோல்வாரால் இன்னொரு குட்டைக் கோலைத் தளர்வாகப் பிணைத்த அடிகோலே கருவி. வேல்ஸ் மொழியில் அதை ‘ஃபிஸ்ட்’ என்பார்கள். இருவர் எதிரெதிரே நின்று மாறி மாறி அடிப்பார்கள். அடிகோல் தலைக்கு மேல் சுழல வேண்டும் என்பதால் அந்த இடத்தில் தாழ்ந்த குறுக்குமரம் இருக்க முடியாது. பிறகு இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் ஊடே வீசும் காற்றில் தூற்றிப் பதரைப் பிரிக்கலாம். கதவடியில் குறுக்கே செருகும் பலகை, தானியம் வெளியே சிதறாமலும் பண்ணைக் கோழிகள் உள்ளே வராமலும் காத்தது. அன்றன்று அடித்த வைக்கோல் அன்றன்றே மாடுகளுக்குப் போகும். ஆகவே வீட்டின் கீழ்க்கோடியும் கொட்டகையும் குளிர்காலம் முழுவதும் ஒன்றையொன்று நம்பியே இயங்கின.

தானியம் உலர்வதில் உள்ள தொல்லை அந்த மண்ணில் மிகப் பழையது. 10ஆம் நூற்றாண்டு மன்னன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் வேல்ஸ் சட்டநூல்கள், குடியானவர்கள் அரசனுக்காகக் கட்டித்தர வேண்டிய ஒன்பது கட்டடங்களைப் பட்டியலிடுகின்றன. அவற்றுள் களக்கொட்டகையும் இருக்கிறது, தானியத்தை நெருப்பில் உலர்த்தும் சூளையும் இருக்கிறது.

வீட்டையும் கொட்டகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் பயன்பாட்டுத் தொடர்புக்காக மட்டும் அல்ல. வீடு நாகரிகத்தோடு மாறிக்கொண்டே இருந்தது: புகைபோக்கி, மாடி, கண்ணாடி, கல்சுவர், பூச்சு. கொட்டகைக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. 1508இல் கூடத்தினுள் நின்று அண்ணாந்து பார்த்தவருக்குத் தெரிந்த வெளி, அதாவது தரையிலிருந்து முகடுவரை மறைப்பில்லாத உயரமும் வரிசையாக வளைந்தெழும் மரங்களும், வீட்டில் தளம் போட்டதும் மறைந்துபோயிற்று. கொட்டகையில் அது அப்படியே நின்றது, கரி மட்டும்தான் இல்லை. ஒரு பண்ணையின் வீடு முதலில் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்பினால், நான் முதலில் அந்தப் பண்ணையின் கொட்டகைக்குள்தான் நுழைவேன்.

19ஆம் நூற்றாண்டில் கதிரடிக்கும் இயந்திரம் பரவியதும் நடு அங்கணத்துக்கு வேலை போயிற்று. பல கொட்டகைகள் தொழுவமாகவோ வைக்கோல் அறையாகவோ மாறின. நம் மொழிபெயர்ப்புக் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது அவற்றை வசிப்பிடமாக மாற்றுவது பெருவழக்கு. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் வேல்ஸ் அரசின் பாரம்பரிய அமைப்பான ‘கடூ’ (Cadw) வகுத்த பட்டியலின்படி உள்ளூர் நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். கூரையில் வௌவால்கள் குடியிருந்தால் அதற்கும் தனி அனுமதி தேவைப்படும். இந்த மாற்றங்களில் எனக்கு மிகுந்த குறை உண்டு: முதல் வேலையாகக் குறுக்கே தளம் போட்டு, அந்த முழு உயரத்தையும் இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். இருந்தாலும் நடு அங்கணத்தை முற்றிலும் மறைப்பது கடினம். அப்படி மாற்றிய வீடு ஒன்றில், நெடுஞ்சுவர்களின் நடுவே தரையிலிருந்து எழும் இரண்டு பெரிய கண்ணாடிகள் நேருக்கு நேராக நின்றால், அவற்றின் இடத்தில்தான் பதரைக் கொண்டுபோன காற்றுக்கான கதவுகள் இருந்தன.